ஐந்தாவது டம்ளர்

அங்காள ஈஸ்வரிக்கு அநியாயம் செய்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் அவள் யோசித்து, அவள் டம்ளரில், அவள் சொட்டு சொட்டாக எண்ணி ஊற்றிச் செய்த சோதனையை, உன் வீட்டுப் பாத்திரம் சுத்தமில்லை என்று சொல்லி அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, மதுரைக் கண்காட்சிக்கு அவள் இடத்தில் வேறொருத்தியை அனுப்பினார்கள். எட்டு வருஷமாக இதை எனக்குள் இப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன், இதே வரிசையில், இதே கோபத்தோடு, பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்தது மாதிரி. சொல்லி முடித்ததும் ஒரு சூடு ஏறும், அந்தச் சூட்டில் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இன்றைக்குப் போக முடியவில்லை. ஆட்டோகிளேவ் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே பஞ்சு அடைத்த பன்னிரண்டு கண்ணாடிக் குடுவைகள், அதில் நாளைக்குக் கிருமி வளர்க்கப் போகிற அகர் கூழ். பெரிய குக்கர்தான் இது, வேறொன்றுமில்லை. முள் ஏறி நூற்று இருபத்தொரு டிகிரியில் பதினைந்து நிமிஷம் நிற்க வேண்டும், அப்புறம் தானாக இறங்க வேண்டும், அதுவரை வைத்தவர் எழுந்து போகக் கூடாது. போகக் கூடாது என்று எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டுமென்று துறைத்தலைவரிடம் சண்டை போட்டவளே நான்தான். மடியில் போன். போனில் அங்காவின் மெசேஜ். காலையில் பத்தே முக்காலுக்கு வந்தது, நான் பார்த்துவிட்டேன், நான் பார்த்துவிட்டேன் என்பதைக் காட்டும் நீலக் கோடு அவளுக்கும் தெரிந்திருக்கும்.

‘காந்தி, நல்லாருக்கியா? நான் அங்கா. நம்பர் ஸ்கூல் குரூப்ல எடுத்தேன். இப்ப எட்டயபுரம் பக்கம் ஒரு ஸ்கூல்ல அஞ்சாங்கிளாஸ் எடுக்கேன், எல்லாப் பாடமும். வெள்ளிக்கிழமை சயின்ஸ் எக்ஸ்போ. நம்ம தயிர் பிராஜெக்ட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கலாம்னு இருக்கேன். அந்த அஞ்சாவது டம்ளர் ஏன் உறைஞ்சதுன்னு இப்ப நீ படிக்கிற படிப்புல எதுவும் தெரிஞ்சுதா? டம்ளர்தான் காரணமா, வேற எதுவுமா? இந்தத் தடவ எங்க வீட்ல இருந்து எதுவும் எடுக்கல. பேப்பர் கப் வாங்கிட்டேன்.’ கடைசியில் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று. அந்த முகத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. கேள்வியைத் தாண்டிவிடலாம், எனக்குத் தெரியாத கேள்வியா. பேப்பர் கப்பைக்கூடத் தாண்டிவிடலாம், சோதனைக்குப் பேப்பர் கப் உண்மையிலேயே நல்லதுதான். அந்தச் சிரிப்பு, ‘பாத்தியா, நானும் திருந்திட்டேன்’ என்கிற அந்தச் சிரிப்பு. அப்படியென்றால் நம்பியிருக்கிறாள். எட்டு வருஷம். வீட்டில் தண்ணீர் குடிக்கும்போது, யாராவது விருந்தாளி வந்து டம்ளரை எடுத்து உள்ளே பார்க்கும்போது, நம்பியிருக்கிறாள்.

“எடி காந்தி, முள்ள மொறச்சுப் பாத்தா சீக்கிரம் ஏறும்னு ஒனக்கு யாரு சொன்னா?” என்கிறாள் ரெக்ஸி. என்னோடு முதுகலை நுண்ணுயிரியல் படிக்கிறவள், நாகர்கோவில்காரி, பக்கத்து மேஜையில் டெஸ்ட் டியூப்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் பதில் சொல்லாமல் இருப்பது அவளுக்குப் புதுசு. “காய்ச்சலா? இல்ல இன்னைக்கு யாரு மேலயும் பெட்டிஷன் எழுதலையா?” போன மாதம்தான் ஒரு போஸ்டரில் முதலாமாண்டுப் பெண்ணின் பெயரை விட்டுவிட்டார்கள் என்று மூன்று பக்கம் எழுதி, கையெழுத்து வாங்கி, பேராசிரியர் அறைக்கே போய், உழைத்தவள் பெயரை எடுத்துவிட்டு மற்றவர்கள் பெயரை எப்படி ஐயா போடலாம் என்று கேட்டேன். குரல்கூட நடுங்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ‘உனக்கு இந்த விஷயத்துல ஏம்மா இவ்வளவு கோபம்’ என்றார். நியாயத்துக்கு, சார், என்றேன். நியாயத்துக்கு. ஆட்டோகிளேவ் லேசாக முனக ஆரம்பிக்கிறது. அகர் வேகும் வாசனை, ஆட்டுக்கால் சூப்பைத் தண்ணீராக விட்டது மாதிரி ஒரு வாசனை, இதில் பாலின் வாசனை கொஞ்சமும் இல்லை, ஆனாலும் எனக்குப் பால் காயும் வாசனைதான் வருகிறது, ஆடை கட்டுவதற்கு முந்தின நிமிஷத்து வாசனை, எங்கள் கோவில்பட்டி வீட்டு அடுப்படியில் ஒரு சனிக்கிழமைச் சாயங்காலம்.

முதலில் எரிமலைதான் செய்வதாக இருந்தோம். எல்லாரும் எரிமலைதான் செய்வார்கள். சோடா உப்பு, வினிகர், சிவப்புச் சாயம், தெர்மோகோலில் மலை, மலையடிவாரத்தில் பொம்மைக் கடையில் வாங்கின இரண்டு மாடு. எஸ்தர் டீச்சர், எங்கள் அறிவியல் டீச்சர், ‘வொர்க்கிங் மாடல்தான் மாவட்டத்துக்கு எடுப்பாங்க, சும்மா நிக்கிறதெல்லாம் கொண்டு வராதீக’ என்று சொல்லியிருந்தார். அங்காதான் சொன்னாள், மதியச் சாப்பாட்டு மணிக்கு, சைக்கிள் ஸ்டாண்டு நிழலில், டிபன் பாக்ஸ் மூடியில் ஊறுகாயை வைத்துக்கொண்டு. அவர்கள் வீட்டில் முந்தினநாள் உறைமோர் தீர்ந்துபோய்விட்டது. அவள் அம்மா கவனிக்கவில்லை, கவனித்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. விளக்கு வைத்த பிறகு உப்பும் உறைமோரும் எந்த வீட்டிலும் தரமாட்டார்கள், கேட்கவும் கூச்சம். அதனால் பச்சைமிளகாய்க் காம்பு நாலைக் கிள்ளிப் பாலில் போட்டு மூடிவிட்டாள். ‘காலைல பாத்தா தயிரு, காந்தி. கொஞ்சம் இளக்கமா, ஆனா தயிரு. ஒறப்பே இல்ல. காம்புக்குள்ள என்னடீ இருக்கு?’ என்றாள். நான், காரம் இருக்கு, என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ‘காரத்துலயா பால் உறையும்? அப்ப மிளகாப்பொடில உறையணுமே. புளில? எலுமிச்சம்பழத்துல?’ விரலை மடக்கிக்கொண்டே போனாள். நான் எத்தனையோ பெரிய ஆட்களின் சொற்பொழிவைக் கேட்டுவிட்டேன் இந்த வளாகத்தில், ஏசி அரங்கத்தில், தலைப்பாகை கட்டிப் பொன்னாடை போர்த்தினவர்களின் சொற்பொழிவை. ஒரு கேள்வி அப்படிக் கண்முன்னால் கிளை விடுவதை அன்றைக்கு அப்புறம் நான் பார்க்கவில்லை. ஊறுகாய் எண்ணெய் அவள் முழங்கை வரைக்கும் வழிந்தது, அவள் நக்கிவிட்டு அடுத்த விரலை மடக்கினாள்.

பத்து நாள் திட்டம் போட்டோம். நான் பேச்சுக்கு, அவள் வேலைக்கு, அப்படித் தானாகப் பிரிந்துகொண்டது, யாரும் முடிவு செய்யவில்லை. அவளுக்குச் சமமாக இல்லாததைக் கண்டாலே ஆகாது. ரூல்டு நோட்டில் கோடு ஒருபக்கம் சரிந்திருந்தால் அந்தப் பக்கத்தையே விட்டுவிடுவாள். பாலை இங்க் பில்லரால் அளக்கலாமா, ஒரு டம்ளருக்கு எத்தனை பில்லர், ஒரு பில்லருக்கு எத்தனை சொட்டு என்று தண்ணீரில் எண்ணிப் பார்த்து, நூற்று இருபதுக்கு மேல் எண்ணும்போது நான் பேசிவிட்டால் திரும்ப ஒன்றிலிருந்து. ‘வாயக் கொஞ்சம் பூட்டு தாயே’ என்பாள். எங்கள் வீட்டில் ஒரே மாதிரி ஐந்து டம்ளர் கிடையாது. ஒன்று நெளிந்தது, ஒன்று ரேஷன் கடை இலவசத்தில் வந்தது, ஒன்று கோவிலில் மாறி வந்தது. அவள் வீட்டில் இருந்தது. அவள் அம்மா கல்யாணத்துக்குத் தாய்மாமன் எடுத்துக் கொடுத்த செட், வாயோரத்தில் புள்ளி புள்ளியாகப் பெயரும் தேதியும் வெட்டினது, பரணிலிருந்து இறக்கித் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள், ஒன்றோடு ஒன்று உரசிக் கீறல் விழுந்துவிடக் கூடாதென்று நடுநடுவே தினத்தாள் வைத்து. ஒன்றாம் டம்ளரில் உறைமோர். இரண்டில் மிளகாய்க் காம்பு. மூன்றில் புளி. நாலில் எலுமிச்சைச் சாறு. ‘அஞ்சுல?’ என்றேன். ‘அஞ்சுல ஒண்ணும் கிடையாது. வெறும் பால். ஒண்ணும் போடாட்டா என்ன ஆகும்னு தெரியாம, போட்டதாலதான் ஆச்சுன்னு எப்படிச் சொல்ல?’ புத்தகத்தில் அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. எஸ்தர் டீச்சருக்குத் தெரிந்திருக்கும், அவர் சொல்லவில்லை. பதினாலு வயசில் அவளாகக் கண்டுபிடித்தாள், நான் சாட்சி.

முள் நூறைத் தாண்டிவிட்டது. வால்விலிருந்து ஆவி சீறுகிறது, ரெக்ஸி காதைப் பொத்திக்கொண்டு, “இது விசிலடிச்சா நாலு இட்லி எடுத்து வச்சிரு” என்கிறாள், எப்போதும் சொல்கிறது, எப்போதும் நான் சட்னி யார் அரைப்பா என்பேன். இன்றைக்கு அதுவும் வரவில்லை. எட்டுக் குடுவையா பன்னிரண்டா, எண்ணி வைத்தேனா. எண்ணினேன். நான் இப்போது எல்லாவற்றையும் எண்ணுகிறவளாகிவிட்டேன், இந்த எண்ணுகிற புத்தி யாருடையது என்று கேட்டால் என்ன சொல்வேன். சரி, பதில் எழுது. எழுதுகிறேன். ‘அங்கா, பால் காய்ச்சினாலும் சாகாத கிருமி உண்டு. விதை மாதிரி ஓடு கட்டிக்கொண்டு கொதிக்கிற பாலிலும் உட்கார்ந்திருக்கும், ஆறினதும் முளைக்கும். கோவில்பட்டி வெக்கையில் ராத்திரி முழுக்க வைத்தால் வெறும் பாலும் திரியத்தான் செய்யும். டம்ளரில் தப்பில்லை.’ எத்தனை அழகான பதில். ஒவ்வொரு வரியும் சரி. பரீட்சையில் எழுதினால் ஐந்துக்கு ஐந்து. அவள் மனசும் ஆறிவிடும், என் தலையும் தப்பிவிடும், பிள்ளைகளுக்கும் உபயோகமாக இருக்கும். இந்தப் பதிலை மறுக்க உலகத்தில் ஒரு ஆள்கூட இல்லை, என்னைத் தவிர. நான் மறுக்கிறேன், ஏனென்றால் திரிந்த பால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பச்சைத் தண்ணீர் பிரிந்து, கொச்சை நாற்றத்தோடு. ஐந்தாவது டம்ளர் அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடியைத் திறந்தபோது வழவழவென்று, ஸ்பூனைக் குத்தினால் நிற்கிற மாதிரி, ஒன்றாம் நம்பருக்கு அப்படியே இரட்டைப் பிறவி. அங்கா இரண்டையும் பக்கத்தில் வைத்து மாறி மாறி ருசி பார்த்தாள். ‘இதுல ஒறமோர் ருசி இருக்கே’ என்றாள். பிறகு நோட்டை எடுத்து, சனிக்கிழமை எழுதின பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்போதே சொல்லியிருக்கிறாள். கையில் கொடுத்திருக்கிறாள் விடையை. என் அம்மா பக்கத்து அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள், எழுந்துபோய், எம்மா இதுல எதுவும் ஊத்துனியா என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும், ஆனால் கேட்கத் தோன்றவில்லை, அம்மா என்பவள் சோதனைக்கு வெளியே இருக்கிறவள், அடுப்புத் தருகிறவள், பால் தருகிறவள், அவளும் அந்த டம்ளர்களோடு ராத்திரி ஒரே வீட்டில் இருந்தாள் என்பதை எந்த அட்டவணையிலும் நாங்கள் எழுதவில்லை. ‘இன்னைக்கு ராத்திரி திரும்பச் செய்வோம்’ என்றாள் அங்கா. நான்தான் டீச்சருக்குப் போன் போட்டேன். ‘நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வேன், இன்னைக்கு சார்ட் எழுதணும், விளையாடுதீகளா? வெறும் பால் உறையாதுன்னு ஊருக்கே தெரியும். உறையவில்லைன்னு எழுது’ என்றார். அங்கா போனை வாங்கி, ‘ஆனா உறைஞ்சிருச்சே டீச்சர்’ என்றாள். ‘எவ வந்து உன் டம்ளர எட்டிப் பாக்கப் போறா? காந்திட்ட குடு.’ நான் வாங்கினேன். சரி டீச்சர் என்றேன். சிவப்பு ஸ்கெட்ச்சால், வளைத்து வளைத்து, ‘5. எதுவும் சேர்க்காத பால் – உறையவில்லை’ என்று எழுதினேன். என் கையெழுத்து அழகு, அதற்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டாள் என்று வகுப்பில் கேலி செய்வார்கள். அங்கா ஃபெவிகாலை விரல் நுனியில் காயவிட்டு உரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘அப்ப மிளகாக் காம்பு போட்ட ரெண்டாவதும் பொய்யாயிருமே, காந்தி’ என்றாள், சண்டையாக இல்லை, ஒரு கணக்கைச் சொல்கிற மாதிரி.

தூத்துக்குடி, மாவட்டக் கண்காட்சி. வேனில் பதினோரு பேர், மடியில் எரிமலை, காலடியில் காற்றாலை, யாரோ வாந்தி எடுத்து யாருடைய நீர்மின் நிலையமோ நனைந்து, பாதி வழி அழுகை, பாதி வழி பாட்டு. உப்பளம் வந்ததும் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தோம், வெள்ளை வெள்ளையாகக் குவியல், அங்கா, ‘ஏட்டி, உப்ப விட்டுட்டோமே, ஆறாவது டம்ளர்ல உப்புப் போட்டுருக்கலாம்ல’ என்று என் தோளை உலுக்கினாள். அந்த உலுக்கல் இன்னமும் இந்தத் தோளில் இருக்கிறது. அதற்கப்புறம் அவள் என்னைத் தொட்டதாக ஞாபகமில்லை. பெரிய ஹாலில் வரிசையாக மேஜைகள், எல்லா மேஜையிலிருந்தும் ஒரே நேரத்தில் குட்மார்னிங் சார் மை நேம் இஸ், நடுவில் கேள்வி கேட்டால் பிள்ளைகள் திரும்ப முதலிலிருந்து குட்மார்னிங் சார். எங்கள் மேஜைக்கு வந்த நடுவர் ஒல்லியாக இருந்தார், சட்டைப்பையில் நாலு பேனா. சார்ட்டை முழுக்க வாசித்தார். அவர் ஒருத்தர்தான் வாசித்தார். ஐந்தாவது வரியில் விரலை வைத்து, அங்காவைப் பார்த்து, “இத நீங்களே கண்ணால பாத்தீங்களா?” என்றார். அங்கா, “உறைஞ்சிருச்சு சார்” என்றாள். “அப்ப உறையவில்லைன்னு எழுதியிருக்கே?” எங்களுக்குப் பின்னால் எஸ்தர் டீச்சர் நின்றார், அவர் சேலையின் மடிப்புக் கசங்கும் சத்தம்கூடக் கேட்டது எனக்கு. எனக்குள் ஒன்று முந்திக்கொண்டு ஓடியது, எப்போதும் ஓடுகிற அது, எந்த வாயடைப்பிலும் ஒரு வழி கண்டுபிடிக்கிற அது, இன்றைக்கு இந்தப் பல்கலைக்கழகமே பயப்படுகிற அதே வாய். “அது வந்து சார், அந்த ஒரு டம்ளர் சரியாக் கழுவல. அதுல பழைய தயிர் ஒட்டியிருந்திருக்கும். அதனால அத நாங்க கணக்குல எடுக்கல” என்றேன். “டம்ளர் யாரு வீட்டுது?” என்றார். “இவ வீட்டுது சார்.” அவர் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. “பிழை எங்கன்னு நேர்மையாச் சொல்றீங்க பாருங்க, இதுதான் விஞ்ஞானம். பாத்திரச் சுத்தம்தான் மைக்ரோபயாலஜியில முதல் பாடம்.” அந்த வார்த்தையை என் வாழ்க்கையில் முதன்முதலாக அன்றைக்குத்தான் கேட்டேன். நன்றாக இருந்தது காதுக்கு. அதைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நூற்று இருபத்தொன்று. முள் நிற்கிறது. பதினோரு மணி முப்பத்திரண்டு என்று பதிவேட்டில் எழுதுகிறேன், கை சரியாகத்தான் எழுதுகிறது. எழுதாத ஒன்று இருக்கிறது, அதையும் எழுதித்தான் ஆகவேண்டுமா என்று தெரியவில்லை. சனிக்கிழமை அங்கா அந்த டம்ளர்களை எங்கள் பின்வாசல் குழாயடியில் சபீனா போட்டுத் தேய்த்து, வெந்நீரில் மூன்று தடவை அலசி, வெயிலில் கவிழ்த்தாள். மிளகாய் வாங்க அவள் கடைக்குப் போனபோது அம்மா ஐந்தையும் எடுத்துக்கொண்டு போய் மறுபடி தேய்த்தாள். எதுக்கும்மா என்றேன். ‘சும்மாதான்’ என்றாள். அந்தச் சும்மாதானுக்கு அர்த்தம் எனக்கு அப்போதே தெரியும். அங்கா எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று வீட்டில் ஒருதடவைதான் கேட்டார்கள், அதன் பிறகு கேட்கவில்லை. ஆக, உலகத்திலேயே அதைவிடச் சுத்தமான ஐந்து டம்ளர் அன்றைக்கு இருந்திருக்காது. அதைத் தெரிந்தவள்தான் நடுவரிடம் சரியாகக் கழுவவில்லை என்றேன். அறியாமல் சொன்னதல்ல. அவர் ‘யாரு வீட்டுது’ என்று கேட்பார் என்றும், கேட்டால் அதற்கு மேல் கேள்வி வராது என்றும் என் வாய்க்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெரிதலைத்தான் நான் இத்தனை வருஷமாக டீச்சர் மேலும் நடுவர் மேலும் அம்மா மேலும் போட்டு, ‘செய்தார்கள்’ என்று முழங்கிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கழுத்தில் தேர்வான பிள்ளைகளுக்குப் போட்ட பட்டையோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா தோசை ஊற்றிக்கொண்டே எல்லாம் கேட்டாள், எத்தனை ஸ்கூல், என்ன சாப்பாடு, யார் பரிசு கொடுத்தது. அப்புறம், ‘ஏட்டி, ஒன்னோட சிநேகிதிட்ட சொல்லு, ஒரு டம்ளர்ல ஒற ஊத்தவே மறந்துட்டீக ரெண்டு பேரும். நாந்தான் படுக்கப் போறப்ப பாத்து ஒரு சொட்டு விட்டேன். இல்லன்னா பால் வீணாப் போயிருக்கும்லா’ என்றாள். பெருமையாகச் சொன்னாள். ஏதோ எங்கள் பரிசில் அவளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்கிற மாதிரி. பாலை உறை ஊற்றாமல் விட்டுவிட்டுப் படுத்தால் அவளுக்குத் தூக்கம் வராது, அது அவள் சுபாவம், நாங்கள் எண்ணிய நூற்று இருபது சொட்டில் அந்த ஒரு சொட்டைச் சேர்க்கத் தெரியாதது எங்கள் தப்பு. நான் தோசையைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டு, சரிம்மா, என்றேன். மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் எஸ்தர் டீச்சர், ‘சுத்தபத்தம் வீட்ல வரணும், அத நான் சொல்லிக்குடுக்க முடியாது’ என்று அங்கா முன்னாலேயே சொல்லி, மதுரைக்கு அவளுக்குப் பதில் சுபிக்ஷாவைப் போட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். மதுரைக்காகப் பள்ளிக்கூட லேபில் புதுக் கண்ணாடிப் பீக்கர்களில் திரும்பச் செய்தார்கள், அதில் ஐந்தாவது உறையவில்லை, பாலாகவே இருந்தது, ‘பாத்தியா?’ என்றார் டீச்சர். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த அங்கா தலையை ஆட்டினாள். ஒத்துக்கொண்டாள். அவளுக்கு அத்தாட்சிதான் பெரிசு. அத்தாட்சியே அவளுக்கு எதிராகப் போய் நின்றால் அதையும் ஒத்துக்கொள்கிற புத்தி. அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டு நான் மதுரை பஸ் ஏறினேன். பதினொன்றாம் வகுப்பில் அவள் வரலாறு குரூப் எடுத்தாள். ஏன்டீ என்றேன். ‘லேபெல்லாம் நமக்கு ஒத்து வராது காந்தி’ என்றாள், சிரித்துக்கொண்டுதான்.

முள் இறங்க ஆரம்பித்துவிட்டது. பதினைந்து நிமிஷம் எப்போது போனது, ரெக்ஸி சுவிட்சை அணைத்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. “காந்தி, நெசமாச் சொல்லு, வீட்ல எதுவும் பிரச்சனையா?” என்கிறாள், இப்போது கேலி இல்லை. “ஒருத்திக்குப் பதில் எழுதணும்” என்கிறேன். “எழுதேன். நீ பதில் எழுத யோசிக்கிறத இன்னைக்குத்தான் பாக்கேன்.” எழுதுகிறேன். ‘இப்பத்தான் அம்மா சொன்னாங்க’ என்று ஆரம்பிக்கிறேன். நல்ல ஆரம்பம். போன வாரம் பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள், கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, உன்னிடம் சொல்ல வேண்டுமென்று இருந்தேன், அதற்குள் உன் மெசேஜே வந்துவிட்டது, என்ன ஆச்சரியம். இதில் ‘இப்பத்தான்’ என்கிற ஒரே ஒரு சொல்தான் பொய். விஷயம் அத்தனையும் அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், டம்ளர் சுத்தம் என்று தெரிந்துவிடும், பிள்ளைகளின் சோதனையும் ராத்திரி யாரும் தொடாத இடத்தில் நடக்கும். நாங்கள் இருவரும் சேர்ந்து அம்மாவைக் கேலி செய்து சிரிக்கக்கூடச் செய்யலாம், ஆமாடீ, எங்கம்மா பாலக் கண்டா விடமாட்டா. யாருக்கு என்ன நஷ்டம்? வாதத்துக்கு வாதம் வைக்கிறேன், எனக்கு எதிராக நானே நின்று பேசிப் பார்க்கிறேன். நஷ்டம் அவளுக்குத்தான். டம்ளர் சரி என்று தெரிந்துகொள்வாள், ஆனால் பக்கத்தில் நின்றவளுக்கு அது தெரியாது என்றே நம்பிக்கொண்டிருப்பாள். இன்னொரு தடவை தப்பான முடிவை என் சொல்லை நம்பி ஒத்துக்கொண்டு தலையை ஆட்டுவாள். அந்தத் தலையாட்டலை இரண்டாம் தடவை வாங்க எனக்கு என்ன உரிமை? அழிக்கிறேன். அம்மா மறுபடி கழுவியதைச் சொல்லட்டுமா? விரல் அந்தப் பக்கம் போகிறது. சொன்னால் என் பாரம் இறங்கும், அவள் மேல் ஏறும். அவள் அதைக் கேட்கவில்லை. நேரில் என் முகத்துக்கு நேராக என்றைக்காவது கேட்டால் சொல்வேன். மன்னித்துவிடு என்று எழுதுகிறேன், அதையும் அழிக்கிறேன். மன்னிப்பு கேட்டால் உடனே அவள், சீ விடு காந்தி, சின்னப் பிள்ளைல நடந்தது, என்று எழுதிவிடுவாள், அவள் அப்படித்தான், நான் அதை எதிர்பார்த்துக் கேட்டதாக ஆகிவிடும். அவள் கேட்டது ஒரு கேள்வி. விளக்கம் இல்லாமல், அலங்காரம் இல்லாமல், அவள் ரூல்டு நோட்டில் எழுதுகிற மாதிரி, பார்த்ததைப் பார்த்தபடி. அழுத்தத்தைக் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது, ரெக்ஸி கையுறையை நீட்டுகிறாள், “ஒரு நிமிஷம் இரு” என்கிறேன், ஒரு எழுத்துக்கு இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தி, கடைசி வரியை மட்டும் மூன்று தடவை எழுதி எழுதி அழித்து, நாலாவது தடவை அழிக்காமல், அனுப்பிவிட்டேன்.

‘அங்கா, டம்ளர் சுத்தமாத்தான் இருந்துச்சு. நாம மறந்துட்டோம்னு நினைச்சு எங்கம்மா அஞ்சாவதுல உறை ஊத்திட்டாங்க. உறைமோர் ருசி இருக்குன்னு நீ சொன்னது சரி. தூத்துக்குடில இருந்து வந்த அன்னைக்குச் சாயங்காலமே அம்மா எங்கிட்டச் சொல்லிட்டாங்க. மதுரைக்குப் போகும்போது எனக்குத் தெரியும்.’